பியானோ பாடகர் கச்சேரி: இடப்பக்க இருக்கையா, வலப்பக்கமா?

கிராண்ட் பியானோவின் மூடி ஒரு பக்கம்தான் திறக்கும். அது அரங்கை நோக்கித் திறக்க, பியானோ வாசித்தபடி பாடுகிறவர், நம் பார்வையில் மேடையின் இடப்பக்கம் அமர்ந்து வலது தோளை நமக்குக் காட்டுவார். டிக்கெட் விலை பெரும்பாலும் இருபுறமும் ஒன்றுதான், காட்சிதான் வேறு.

விரல்கள்: இடப்பக்கம் தெரியும். வலப்பக்கம் பியானோவின் உடல் மறைத்துவிடும்.

முகம்: இடப்பக்கம் பாதி முதுகுதான். வலப்பக்கம் முகம் நேராகத் தெரியும், மைக் ஸ்டாண்ட் குறுக்கே வராதவரை.

ஒலி: மைக் வைக்காத சிறு அரங்கில் நடுவும் வலமும் தெளிவு, மூடி ஒலியை அங்கேதான் திருப்புகிறது. பெரிய அரங்கில் பியானோவுக்குள்ளேயே மைக் வைத்து, மற்ற வாத்தியச் சத்தம் புகாதபடி மூடியைத் தாழ்த்திவிடுவார்கள். கேட்பது ஸ்பீக்கரைத்தான், பக்கம் பார்க்க வேண்டாம்.

முதல் வரிசை என்று ஆசைப்படாதீர்கள்: மேடை உயரமானால் கட்டைகள் கண்ணில் படாது. விரல் பார்க்க இடப்பக்க பால்கனியே மேல்.

விதிவிலக்கும் உண்டு. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 2014 முதல் 2024 வரை தொடர்ந்து பாடிய அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் பியானோ சுழலும் மேடையில் இருந்தது. அமெரிக்கப் பாடகி டோரி ஏமஸ் பியானோவுக்கும் கீபோர்டுக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டையும் வாசிப்பார்.

பியானோ பழகுகிறவருக்கு இடப்பக்கம். பாட்டு வரிகளுக்காகப் போகிறவருக்கு வலப்பக்கம்.