சாவி, கார்டு, செயலி: எது எங்கே உதவும், எங்கே கைவிடும்?

கதவைத் திறக்க, டிக்கெட்டைக் காட்ட, வண்டி நிறுத்தக் காசு கட்ட என்று எதற்கெடுத்தாலும் "எங்கள் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள்" என்கிற காலம் இது. செயலி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த கார்டையும் சாவியையும் காகிதத்தையும் எடுத்துவிட்டு, செயலியை மட்டும் ஒரே வழியாக விட்டுவைப்பதுதான் எனக்குக் கோபம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கதவு. தொட்டால் திறக்கும் கார்டுக்குள் பேட்டரி கிடையாது. கதவருகே இருக்கும் ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கார்டுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அதிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன்னை அடையாளம் சொல்லிவிடும். பல நேரம் பர்ஸிலிருந்து வெளியே எடுக்கக்கூட வேண்டாம், பர்ஸோடு காட்டினாலே போதும். சிக்னல், சார்ஜ், பாஸ்வேர்டு எதுவும் நம் தரப்பில் தேவையில்லை.

அதே கதவைச் செயலியால் திறப்பதென்றால்? போனை எடுக்க வேண்டும், லாக் எடுக்க வேண்டும், செயலியைத் தேட வேண்டும், புளூடூத் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால் இருப்பிட அனுமதியும் கேட்கும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, பக்கத்தில் இருக்கும் புளூடூத் கருவியைத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல்தான் அதைத் தனியாகப் பிரித்தார்கள். ஆகவே அனுமதி கேட்கிற செயலி எல்லாம் உளவு பார்க்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு கதவைத் தாண்டுவதற்காக, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே.

நான் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் கார்டை நிறுத்தி, நொடிக்கொரு தரம் மாறும் க்யூஆர் கோடு கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து மாலை நேரத்தில் வாசலில் வரிசை நிற்கிறது. ஒருவருக்குத் திரையில் விரிசல், ரீடர் படிக்க மறுக்கிறது. இன்னொருவரைச் செயலி தானாக வெளியேற்றியிருக்கிறது, ஓடிபி வருவதற்காக நிற்கிறார். பட்டன் போன் வைத்திருந்த ஒரு பெரியவர், "யாராவது உள்ளே போகும்போது நானும் கூடவே வந்துடறேன்பா" என்றார். உறுப்பினர் கட்டணம் கட்டியவர், அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நுழைய வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான் மாற்றினோம் என்று சொன்ன ஏற்பாட்டில் இதுதான் தினசரி நடக்கிறது.

சரி, செயலியின் பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது. ஊரில் இல்லாதபோது வரும் விருந்தினருக்கு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அனுமதி அனுப்பலாம். கார்டும் குறையில்லாத பொருள் இல்லை. உலகம் முழுக்கப் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் என்ற கார்டின் ரகசியக் குறியீட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். அதைத் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் போயும் தடை கிடைக்கவில்லை. அந்த ரகக் கார்டை நகலெடுக்க முடியும். அதற்கு மருந்து, வலுவான குறியாக்கம் உள்ள புதிய கார்டு, அதுவும் கடையில் கிடைக்கிறது. அப்புறம், தொலைந்த கார்டை உடனே முடக்குவது, யார் எப்போது வந்தார்கள் என்று பதிவு வைப்பது போன்றவற்றைச் செயலியின் பெருமையாகச் சொல்கிறார்கள். அவையெல்லாம் பின்னால் ஓடும் மென்பொருளின் வேலை. கார்டு வைத்திருந்தாலும் அவை நடக்கும்.

எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டையும் மறக்கக் கூடாது. எண் பலருக்குத் தெரிந்துவிடும், தேய்ந்த பட்டன்கள் காட்டிக்கொடுக்கும். ஆனால் கையில் எதையும் சுமக்க வேண்டாம், வருகிறவருக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம்.

கெட்டுப்போகும்போது என்ன ஆகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சாவி தொலைந்தால் ஒரு வீட்டுக்காரருக்குத்தான் தொல்லை. 2017-இல் லாக்ஸ்டேட் நிறுவனம் தவறான அப்டேட் ஒன்றை அனுப்பியபோது, சுமார் 500 ஸ்மார்ட் பூட்டுகள் ஒரே அடியில் செயலிழந்தன. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வர்களை நிறுத்தியதும், அதன் வீட்டுக் கருவிகளைச் செயலி வழியாக இயக்கிக்கொண்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். நியூயார்க்கில் ஒரு குடியிருப்பின் பொது வாசலில் ஸ்மார்ட் பூட்டைப் பொருத்தியபோது குடித்தனக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் சமரசம் ஆகி, அவர்களுக்குச் சாதாரணச் சாவி கிடைத்தது. அதற்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

டிக்கெட்டில் கணக்கு கொஞ்சம் மாறும். காகிதத்தையும் பிடிஎஃப்பையும் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், கள்ளச் சந்தைக்காரர்கள் அதில்தான் பிழைத்தார்கள். நிகழ்ச்சி டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த முறையில் பார்கோடு 15 நொடிக்கு ஒருமுறை மாறுகிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து விற்க முடியாது. இங்கே செயலிக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதற்கு விலையும் உண்டு: நண்பனுக்கு டிக்கெட்டைக் கொடுப்பதென்றாலும் அந்த நிறுவனம் அனுமதித்த வழியில்தான் கொடுக்க முடியும்.

விமானத்தில் இந்தக் காரணம் செல்லாது, பெயரும் அடையாள அட்டையும்தான் ஏற்கெனவே பார்க்கிறார்களே. ஆனாலும் ஐரோப்பிய விமான நிறுவனமான ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் காகித போர்டிங் பாஸைக் கைவிட்டு, செயலிக்கு மாறிவிட்டது. முன்கூட்டியே ஆன்லைனில் செக்-இன் செய்தவரின் போன் அணைந்துவிட்டால் விமான நிலையத்தில் உதவுவோம் என்று சொல்லியிருப்பது நல்ல விஷயம். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கியபோது, இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு பயணிகள் ஏறினார்கள். அன்று ஊழியர்கள் கையில் பேனாவும் அட்டையும் இருந்ததால்தான் அது முடிந்தது.

வண்டி நிறுத்தக் கட்டணத்தில் செயலியையே நான் விரும்புவேன். இருந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டிக்கலாம், காசு போட ஓட வேண்டாம். ஆனால் ஊருக்கு ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும் தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். பார்க்மொபைல் நிறுவனத்திலிருந்து 2021-இல் கசிந்தது சுமார் 2.1 கோடிப் பேரின் விவரம். நாணயம் போட்டுவிட்டுப் போகிறவரிடம் கசிய எதுவும் இல்லை. அதனால் செயலியோடு, வங்கி கார்டையோ நாணயத்தையோ ஏற்கும் ஓர் இயந்திரமும் அங்கே நிற்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்பது புரியாத விஷயமில்லை. கார்டு அச்சடிக்கும் செலவு மிச்சம், கருவியை வாங்குவதும் சார்ஜ் போடுவதும் பழுது பார்ப்பதும் வாடிக்கையாளர் தலையில். கூடவே விளம்பர அறிவிப்பு அனுப்ப ஒரு வாசலும் திறக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், தினமும் நுழையும் கதவுக்குப் புதிய ரகக் கார்டு, விருந்தினருக்குச் செயலி அல்லது தற்காலிக எண், நிகழ்ச்சி டிக்கெட்டுக்குச் செயலி, விமானத்துக்குக் காகிதமும் செயலியும். உங்கள் குடியிருப்போ கூடமோ செயலிக்கு மாறப்போவதாக அறிவித்தால் சும்மா இருக்காதீர்கள். போன் இல்லாதவருக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கார்டு கிடைக்குமா, இணையமோ மின்சாரமோ போனால் கதவு எப்படித் திறக்கும், நுழைவுப் பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் பதில் வரும்.