முள் குத்திய விரலும் பிசகிய கணுக்காலும்: அழற்சிக்கு இரு விளக்கங்கள்

காரைக்குடி வீட்டில் அப்பத்தா விரலில் சீமைக்கருவேல முள் ஏறியது. மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. இதுதான் அழற்சி. சில மாதம் கழித்து வளவுப் படியில் கால் பிசகியபோதும் கணுக்கால் அதேபோல வீங்கியது. தோல் கிழியவில்லை, கிருமி நுழையவில்லை. உடல் எதைக் கண்டு பதறியது?

1989-இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே சொன்ன விடை, அந்நியரின் அடையாளம். பாக்டீரியாவின் உறையில் உள்ள சில மூலக்கூறுகள் நம் செல்களில் கிடையாது. பின்னாளில் தெரியவந்த டோல் வகை ஏற்பிகள் என்ற உணரிகள் அவற்றை இனம் கண்டதும் சைட்டோகைன்கள் என்ற தூது வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. முள் குத்திய விரலுக்கு இது கச்சிதம்.

1994-இல் இன்னொரு நோயெதிர்ப்பு ஆய்வாளர் பாலி மாட்ஸிங்கர் முன்வைத்தது வேறு: அந்நியமா என்பதைவிடச் சேதமா என்பதே கேள்வி. செல் உடைந்தால் உள்ளே இருக்கவேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே சிந்தும். அதுவே அபாயக் குரல். கணுக்கால் வீங்கியது இதனால்தான். கவுட் என்ற மூட்டு நோயில் கிருமியே இல்லாமல் யூரிக் அமிலப் படிகங்களால் கால் கட்டைவிரல் கொதிப்பதும் இந்தப் பக்கமே சேரும்.

என் மனம் மாட்ஸிங்கரிடம் சாய்கிறது. அந்நியமாக இருந்தும் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அமைதியாக வாழ்கின்றனவே! ஆனால் பாக்டீரியா உறையின் துணுக்கு மட்டும் ரத்தத்தில் கலந்தாலே காய்ச்சல் வருகிறது. அங்கே ஜேன்வேதான் சரி.