இருபது மதிப்பெண் அட்டையும் இரண்டாம் நாள் கோப்பையும்: ஒயின் மதிப்பிடும் நீண்டகால அனுபவம்

ஒயினுக்கு மதிப்பெண் போட இன்று உலகில் பெரிதும் புழங்கும் அளவுகோல்கள் இரண்டு. ஒன்று நூறு, மற்றது இருபது. இரண்டையும் பல ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பழகியவன் என்ற முறையில் என் வாக்கு இருபதுக்கே. ஆனால் எதைப் பயன்படுத்தினாலும், பாட்டிலைத் திறந்த அன்றே ஓர் எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நூறு மதிப்பெண் முறையை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர். 1978இல் அவர் தொடங்கிய இதழும், பிரான்சின் போர்தோ ஒயின் பகுதியின் 1982 விளைச்சலை அவர் தொடக்கத்திலேயே உறுதியாகப் புகழ்ந்ததும் அந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தன. அதில் எந்த ஒயினுக்கும் 50 சும்மாவே கிடைத்துவிடும். மீதியில் நிறத்துக்கும் தோற்றத்துக்கும் 5, மணத்துக்கு 15, சுவைக்கும் பின்சுவைக்கும் 20, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் முதிரும் ஆற்றலுக்கும் 10. கணக்கு நேர்த்தியானதுதான். நடைமுறையில் கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் எண்களெல்லாம் தொண்ணூறைச் சுற்றியே நிற்கின்றன. 91க்கும் 92க்கும் இடையே என்ன இருக்கிறது என்பதை என் நாக்கு இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இருபது மதிப்பெண் அட்டை கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், மேனார்ட் அமரினும் அவருடைய சகாக்களும் 1959இல் வகுத்தது. அது குறை கண்டுபிடிப்பதற்காகப் பிறந்த அட்டை. தெளிவுக்கு 2, நிறத்துக்கு 2, மணத்துக்கு 4, வினிகர் நெடி இல்லையென்றால் 2 என்று போகும். பழுதில்லாமல் செய்யப்பட்ட எந்த ஒயினும் அதில் எளிதாகப் பதினைந்தைத் தொட்டுவிடும். இன்றைய ஆலைகளில் கலங்கிய ஒயின் அரிது என்பதால் தெளிவுக்கான கட்டத்தை நான் எடுத்துவிட்டேன். அந்த மதிப்பெண்களைப் பின்சுவைக்கும் சமநிலைக்கும் கொடுத்தேன். பிரிட்டிஷ் ஒயின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் செய்வதைப் போல அரை மதிப்பெண்ணும் போடுகிறேன். 16 என்றால் நல்ல ஒயின், 17 என்றால் இன்னொரு பாட்டில் வாங்குவேன், 18 என்றால் நண்பர்களைக் கூப்பிடுவேன். இந்தத் தெளிவு நூறில் எனக்குக் கிடைக்கவில்லை.

கோப்பை விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். 1977இல் வந்த ஐஎஸ்ஓ 3591 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்யப்பட்ட, 215 மில்லிலிட்டர் கொள்ளும் சிறிய கோப்பை. அதில் 50 மில்லிலிட்டர் மட்டும். பிரான்சின் பர்கண்டி ஒயினுக்கு அது இறுக்கமானது என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் போன மாதம் குடித்ததையும் இன்று குடிப்பதையும் ஒப்பிட வேண்டுமென்றால் கோப்பை மாறக்கூடாது.

பாட்டிலைத் துணி உறையில் மறைத்து என் மனைவி ஊற்றித் தருவார். இது வெறும் விளையாட்டு அல்ல. 2001இல் போர்தோவில் வெள்ளை ஒயினில் சிவப்பு நிறம் கலந்து கொடுத்தபோது, ஒயின் படிக்கும் மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஏற்றுக்கொள்கிறது. லேபிளில் உள்ள பெயரும் விலையும் அதைவிட வலுவாக வேலை செய்யும்.

இரண்டாம் நாள் கோப்பையின் மதிப்பை எனக்குக் காட்டியது இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு ஒயின். நெபியோலோ திராட்சை, சட்டப்படி குறைந்தது 38 மாத முதிர்வு, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அப்படி இருந்தும் இளம் பரோலோ திறந்தவுடன் வாயெல்லாம் துவர்ப்பாக இருக்கும். கடுக்காய் மென்றது போல ஈறுகள் இறுகும். முதல் நாள் 15.5 எழுதிய ஒயினுக்கு மறுநாள் மாலை 17.5 எழுதியிருக்கிறேன். துவர்ப்பு அங்கேயே இருக்கும். அதற்குள்ளிருந்து காய்ந்த ரோஜாவின் மணமும் சாலைத் தாரின் மணமும் எழுந்து வரும். நேர்மாறாக, முதல் நாளில் பழச்சாறாக மயக்கிய சில ஒயின்கள் மறுநாள் தட்டையாகிவிடுகின்றன. ஆகவே என் நோட்டுப்புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் இரண்டு எண்கள் உண்டு. வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டாவது எண்ணை.

ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் வேறொரு சோதனை. கபினெட் என்னும் இலகுவான வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8 அல்லது 9 சதவீதம்தான். இனிப்பும் கூரான புளிப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும். வயதானதும் டிடிஎன் என்ற சேர்மத்தால் மண்ணெண்ணெய் வாடை வரும். குறை தேடும் அட்டைக்கு இது பழுதாகவே தோன்றும். முதிர்ந்த ரீஸ்லிங்கில் அளவாக வரும் அந்த வாடைக்கு நான் மதிப்பெண் கூட்டுகிறேன். இளம் ஒயினில் தூக்கலாக வந்தால் குறைக்கிறேன். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மட்டும் எண்ணே கிடையாது. அது டிசிஏ என்ற சேர்மத்தால் வரும் தக்கைப் பழுது, ஒயினைச் செய்தவரின் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரே ஒயினை இரண்டு முறை மறைத்துக் கொடுத்தால் நானே ஒரு மதிப்பெண் வரை தள்ளாடுகிறேன். தொழில்முறை நடுவர்களும் இப்படித்தான். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பைகளை வெவ்வேறு மாதிரிகளாக வைத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்ஜ்சன், நடுவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே மூன்றுக்கும் ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் கொடுத்தார்கள் என்று 2008இல் எழுதினார். இதைப் படித்த பிறகும் எண் போடுவதை நான் விடவில்லை. அரை மதிப்பெண் வேறுபாட்டை வைத்து ஒரு ஒயினை இன்னொன்றுக்கு மேலே வைப்பதைத்தான் விட்டேன்.

தக்கையை எடுக்காமல் ஊசியைச் செலுத்தி, ஆர்கான் வாயுவை நிரப்பி ஒயினை எடுக்கும் கருவி கொஞ்ச காலமாக என்னிடம் இருக்கிறது. விலை உயர்ந்த பாட்டிலை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுவைத்து மதிப்பிட மிகவும் உதவுகிறது. போர்ச்சுகலின் மதீராவுக்கு அது தேவையே இல்லை. செய்யும்போதே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயின் அது. திறந்து மாதங்கள் ஆனாலும் அதன் எண் அசைவதில்லை. குமிழி ஒயினுக்கு இந்த ஊசி ஒத்துவராது. சாம்பெய்னை அன்றே முடித்தாக வேண்டியிருக்கிறது, அதனால் என் நோட்டில் நான் குறைவாக நம்பும் எண்கள் சாம்பெய்னுக்கு எழுதியவைதான்.