மலைமுகில் டைம்லாப்ஸ்: டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா?

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. மலையேறும் முகிலைப் பிடிக்க வேண்டுமென்றால் மலையகத்து அப்புத்தளைப் பக்கம்தான் போகவேண்டும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் எந்தக் கமராவைத் தூக்கிக்கொண்டு போவது? நான், உள்ளே கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆரிலிருந்து, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறியவன். இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிடும் டைம்லாப்ஸ்தான் நோக்கம் என்றால் மிரர்லெஸ்ஸையே வாங்கச் சொல்வேன்.

பழைய டி.எஸ்.எல்.ஆர் மலிவு, மிரர்லெஸ் பாரம் குறைவு. ஒளியைப் பதியும் சென்சர் ஒரே அளவானால் படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

தீர்மானிப்பது, சென்சருக்கு முன்னால் திறந்து மூடும் திரையான ஷட்டரின் தேய்மானம். தெற்குச் சமவெளியிலிருந்து மேலேறும் காற்று குளிர்ந்து முகிலாகி, மலைமுகட்டைத் தாண்டி வழியும்போது மிக வேகமாக நகரும். மூன்று விநாடிக்கு ஒரு படமாவது எடுத்தால்தான் அசைவு துள்ளாமல் வரும். அப்படி ஒரு மணிநேரத்துக்கு 1,200 படங்கள். நொடிக்கு 25 படமாக ஓடவிட்டால் கிடைப்பது வெறும் 48 விநாடிக் காணொளி. டி.எஸ்.எல்.ஆரில் பொதுவாக அந்த 1,200 தடவையும் ஷட்டர் திறந்து மூடும். தொடக்கநிலைக் கமராக்களின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. எண்பத்து மூன்று மணிநேர முகிலில் அது தீர்ந்துவிடும்! விற்கப் போனால் வாங்குபவர் முதலில் கேட்பதும் எத்தனை கிளிக் ஓடியது என்றுதான். மிரர்லெஸ்ஸில் மின்னணு ஷட்டரைப் போட்டுவிட்டால் தேய எதுவும் அசைவதில்லை, சத்தமும் இல்லை.

இன்னொரு நன்மை, அடாப்டர் பூட்டினால் பழைய மனுவல் லென்ஸ்கள் பெரும்பாலும் எல்லாமே அதில் பொருந்தும். புதிய லென்ஸ்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் துவாரம் சுருங்கி விரிவதில் மயிரிழை வேறுபாடு வரும். காணொளியில் அது வானம் மினுங்குவதாகத் தெரியும். துவார வளையத்தைக் கையால் திருப்பி நிறுத்திய லென்ஸில் அந்த மினுக்கம் வராது.

மின்னலுக்கு மட்டும் டி.எஸ்.எல்.ஆரில் உள்ளதுபோலத் திறந்து மூடும் ஷட்டரே மேல். ஐப்பசியில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலுக்கு மேல் இடிமுகில் திரளும்போது, சென்சரை வரிவரியாக வாசிக்கும் மின்னணு ஷட்டரில் மின்னல் பாதியில் வெட்டுப்படலாம். இரவு வானத்தில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே எது சிறந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். மிரர்லெஸ்ஸின் பற்றரியும் சீக்கிரம் இறங்கும். ஆகவே, படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பவர் பேங்கிலிருந்து மின் எடுக்கும் மாடலா என்று கடையிலேயே பூட்டிப் பார்த்து வாங்குங்கள். சில மாடல்கள் அணைத்து வைத்தால் மட்டுமே சார்ஜ் ஏறும்; அவை இந்த வேலைக்கு உதவாது.