“பர்மிஷன் எல்லாம் பேக்கேஜ்லயே வந்துருதுங்க”: ஹெலிகாப்டர் பூமழைக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எதற்காவது ஹெலிகாப்டரில் பூத்தூவ யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு எல்லாம் கட்டின பிறகுதான் தெரிந்தது.

போன தை மாதம் பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அக்கா மகனுக்குக் காதணி விழா. நான் தாய்மாமன். அதற்கு முந்தைய வருஷம் பங்காளி வீட்டு விசேஷத்துக்கு மாமன்காரர் சாரட்டு வண்டியில் அறுபது தட்டுச் சீரோடு வந்து இறங்கினார். அதைவிட ஒரு படி மேலே செய்யணும் என்று எனக்கு ஒரு வீம்பு. வெளியே சொல்லிக்கொண்ட காரணம், “ஒரே மருமகன்.”

கோவையில் விசேஷங்களை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். கேஸ் போடப் போவதால் பெயர் வேண்டாம். 4,80,000 ரூபாய்க்கு மூன்று சுற்று, அறுபது கிலோ ரோஜா இதழ். மெஷின் பெங்களூரிலிருந்து வந்து போகிற நேரத்துக்கும் நாம்தான் கட்டணும் என்றார்கள். அது நியாயம்தான், இந்தத் தொழிலில் வழக்கம். அனுமதி பற்றிக் கேட்டதற்கு, “சார், கலெக்டர் ஆபீஸ், போலீஸ், ஏர்போர்ட், பர்மிஷன் எல்லாம் பேக்கேஜ்லயே வந்துருதுங்க. நீங்க சீர்த்தட்டை மட்டும் பாருங்க” என்றார் மேனேஜர். அன்றைக்கே மூன்று லட்சம் அனுப்பினேன். வந்த ரசீதில் “மலர் அலங்காரம் மற்றும் இதர சேவைகள்” என்று இருந்தது. ஹெலிகாப்டர் என்ற சொல்லே இல்லை. அப்போதே உறைத்திருக்கணும்.

பத்தரைக்கு வர வேண்டியது பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. பையன் காது குத்தி, அழுது, என் மடியிலேயே தூங்கியும் போயிருந்தான். முதல் சுற்று நல்ல உயரத்தில். இதழ் அத்தனையும் காற்றோடு தென்னந்தோப்புக்குள் போய்விட்டது, பந்தலுக்கு ஒன்றுகூட வரவில்லை. வாக்கிடாக்கியோடு நின்ற நிறுவனத்துப் பையன் என்னிடம் வந்து, “ட்ரோன் ஷாட்ல ஒண்ணுமே விழலைங்க சார். கீழ எறக்கச் சொல்லட்டுங்களா? இருபத்தஞ்சாயிரம் மட்டும் சேர்த்துக் குடுத்துருங்க” என்றான். தலையாட்டினேன். இதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. (மேலே ஹெலிகாப்டர் சுற்றும்போது பக்கத்திலேயே ட்ரோனும் பறந்திருக்கிறது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.)

அடுத்த சுற்றில் தென்னைக்குச் சற்று மேலே வந்து அப்படியே நின்றது. பந்தல் துணி முதலில் வயிறு மாதிரி உப்பியது, பிறகு கயிறு ஒவ்வொன்றாகப் படபடவென்று அறுந்தது. சமையல் கொட்டகைத் தகரம் ஒன்று கழன்று சுழன்று வந்து அம்மாவின் முழங்கையில் கீறியது. ஏழு தையல். விறகடுப்புக் கங்கு பறந்து கீற்றில் பிடித்துக்கொள்ள, சமையல் மாஸ்டர் கைக்குக் கிடைத்த ரசத்தை அண்டாவோடு சாய்த்து அணைத்தார். அவர் மட்டும் திகைத்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதவோரம் உட்கார்ந்து பூக் கொட்டிய ஆளின் கையிலிருந்து பிளாஸ்டிக் சாக்கு ஒன்று நழுவி வால் பக்கம் போனது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வால் விசிறிக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் நீளம்கூட இல்லை.

சூலூர் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். திட்டித் தீர்த்துவிட்டுத்தான் விளக்கினார். அது பெல் 407 ரக ஹெலிகாப்டர். முழுச் சுமையில் இரண்டேகால் டன். அவ்வளவு எடையை அந்தரத்தில் நிறுத்த, கீழே தள்ளுகிற காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். பந்தல் எந்த மூலைக்கு? இஞ்சின் நின்றால் உடனே கல் மாதிரி விழுந்துவிடாதாம். கீழிருந்து வரும் காற்றிலேயே விசிறி சுற்றி, மெதுவாக இறக்கிவிடலாமாம். ஆனால் அதற்கு ஒன்று உயரம் வேணும், இல்லை முன்னோக்கிப் போகிற வேகம் வேணும். தென்னை உயரத்தில் அசையாமல் நிற்கிற மெஷினுக்கு இரண்டுமே கிடையாது. கீழே நாங்கள் நானூறு பேர்.

திறந்தவெளியில் ஜனம் கூடியிருக்கிற இடத்துக்கு மேலே, சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கிற ஆக உயரமான பொருளிலிருந்து இன்னும் 300 மீட்டர், அதாவது ஆயிரம் அடி, மேலே பறக்கணும் என்பதுதான் பொது விதி. அதற்குக் கீழே வர தனி அனுமதி தேவை. பறக்கும்போது கீழே எதையும் போடுவதற்கும் அப்படித்தான், பூவாகவே இருந்தாலும். புது விமானச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் வந்தது என்றாலும், ஜனங்களுக்கு ஆபத்தாகத் தாழப் பறக்காதே என்பது 1937 விதிகளிலேயே இருக்கிறது.

சாயங்காலமே போலீஸ் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு ஒரு மனுகூடப் போகவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டால், “அக்ரிமென்ட் மூணாவது பக்கம் பாருங்க சார்” என்கிறார். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்: அனுமதிகள் அனைத்தும் விழா நடத்துபவர் பொறுப்பு. கீழே என் கையெழுத்து.

வால் பகுதியில் வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்தை வைத்து விசாரித்ததில், அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான மெஷின் என்று தெரிந்தது. அதை வாடகைக்கு ஓட்டவே கூடாது. வாடகைக்கு ஓட்ட உரிமம் உள்ளவர்களின் பட்டியல், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்திலேயே இருக்கிறது, தேடிப் பார்த்தால் போதும். அட்வான்ஸ் கேட்கிறவரிடம் ஓட்டும் நிறுவனத்தின் பெயர், மெஷினின் பதிவெழுத்து, மூன்றாம் நபர் காப்பீட்டு நகல் மூன்றையும் கேளுங்கள். கலெக்டர் ஆபீஸ் கடிதத்தை நகலாகக் கையில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் “ஓகே ஆயிருச்சு” என்று வருவது அனுமதி இல்லை. ரசீதில் ஹெலிகாப்டர் என்று எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

“சொன்ன வேலையைச் செஞ்சுட்டோம்” என்று பாக்கியைக் கேட்டு அவர்கள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும் என்கிறார் வக்கீல்.

ஒருவருக்கு மட்டும் பேரமே பேசாமல் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் பிராய்லர் கொட்டகை வைத்திருப்பவர். சத்தத்தில் மிரண்ட கோழிகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுமுட்டி 230 செத்துப்போயின, விற்பனைக்கு வண்டி ஏற நாலு நாள் இருக்கும்போது. மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தவர், “அம்மாவுக்குக் கை எப்படி இருக்குதுங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.