வெயிலில் ஓடும் குளிர் மெஷின்: ஏழு கோடைகளின் அனுபவம்

எங்கள் பயிற்சி மையம் திருநெல்வேலிக்கு வெளியே பொட்டல் காட்டில் இருக்கிறது. சித்திரை மத்தியானம் மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த வெயிலைக் கொண்டே வகுப்பறைகளையும் சாப்பாட்டுக் கூடத்தையும் குளிர வைக்கும் 10 டன் மெஷின் ஒன்றை ஏழு கோடைகளாகப் பராமரித்து வருகிறேன். இதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க போர் தண்ணீர் எப்படி?" என்பதைத்தான். வெயிலைப் பற்றி அப்புறம்தான் பேச்சு.

இது சோலார் பேனலில் மின்சாரம் எடுத்து ஓட்டும் ஏசி இல்லை. மாடியில் சுமார் 110 சதுர மீட்டருக்கு வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் கிடக்கின்றன. அவற்றிலிருந்து வரும் 85, 90 டிகிரி வெந்நீர்தான் மெஷினுக்குத் தீனி. உள்ளே கம்ப்ரசர் கிடையாது. காற்றை இழுத்துவிட்டு மூடிய பாத்திரம், அதில் தண்ணீரும் லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலும் இருக்கும், அவ்வளவுதான். காற்று இல்லாத இடத்தில் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அப்போது அறைகளைக் குளிர வைக்கப் போகும் குழாய் நீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியைக் கரைசல் குடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் திறந்து வைத்த உப்பு ஜாடி நசநசத்துப் போகிறதே, அதே குணம்தான். குடித்த தண்ணீரைக் கரைசலிலிருந்து மறுபடி பிரித்தெடுப்பதற்குத்தான் வெயில். 1878இல் பாரிஸ் பொருட்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய வெப்பத்தால் ஐஸ் செய்து காட்டியிருக்கிறார். அதனால் இது நேற்று முளைத்த யோசனை இல்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏற ஏற குளிரும் கூடுகிறது. பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை, எப்போது தேவையோ அப்போது, 8 டிகிரி நீர் வந்துகொண்டே இருக்கும். சத்தம் இல்லை. பம்புகளும், தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவரின் விசிறியும் சேர்ந்து 5 கிலோவாட் எடுக்கும். இதே அளவு சாதாரண ஏசி மெஷின் 11, 12 கிலோவாட் எடுத்திருக்கும். சாயங்காலத்துக்கு 3,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். அது ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். இரவில் அறைகளுக்குக் குளிர் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது.

இனி தண்ணீர். அறையில் எடுத்த சூடு, வெயிலிலிருந்து எடுத்த சூடு இரண்டையும் கூலிங் டவர்தான் வெளியே தள்ள வேண்டும். 35 கிலோவாட் குளிருக்கு 85 கிலோவாட் சூடு டவருக்குப் போகிறது. மணிக்கு 125 லிட்டர் ஆவியாகிவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் ஏறக்குறைய அதே அளவை வடித்தும் விட வேண்டும். ஒரு நாளைக்கு 1,700 லிட்டர் போகிறது. மெஷினை இறக்கிய அன்றே போர் போட வந்த பெரியவர் கேட்டார்: "அண்ணாச்சி, இந்தத் தண்ணிய ஊத்தினா குழாய் எத்தன நாளைக்குத் தாங்கும்?" விற்றவர்கள் அதைக் கேட்கவே இல்லை. இரண்டாம் கோடையில் 8 டிகிரி வந்த இடத்தில் 12 வந்தது. மெஷினுக்குள் டவர் நீர் ஓடும் குழாய்களின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படிவு, விரல் நகத்தால் சுரண்டினால் செதிலாக உரிகிறது. அமிலம் விட்டுக் கழுவினோம், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தோம், மழை நீரைத் தொட்டியில் சேர்த்தோம். இப்போது வருடத்துக்கு ஒரு கழுவல் போதும். இந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மின்வெட்டு. நிறுத்தும்போது பம்புகள் கொஞ்ச நேரம் ஓடி, கெட்டியான கரைசலை நீர்க்கச் செய்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஒரு மே மாதம், உச்சி வெயிலில், கரண்ட் பொட்டென்று போனது. கரைசல் உள்ளேயே கற்கண்டாக உறைந்துவிட்டது. சாக்கை வெந்நீரில் நனைத்து சூடான கரைசலும் ஆறிய கரைசலும் சூட்டைப் பரிமாறும் வெப்பமாற்றியைச் சுற்றிப் போர்த்தி, ஆறியதும் மறுபடி நனைத்து, இரவு பத்து மணி வரை நானும் இரண்டு பையன்களும் மாற்றி மாற்றிச் செய்தோம். உள்ளே கட்டி இளகி பம்பு சத்தம் மாறியபோதுதான் மூச்சு வந்தது. மறுவாரமே கரைசல் பம்புக்குத் தனி யுபிஎஸ் வாங்கினோம். இந்த மெஷின் வைப்பவர்கள் முதல் நாளே அதை வாங்கிவிடுங்கள்.

கண்ணாடிக் குழாய்கள் நான் பயந்த அளவுக்குத் தொல்லை தரவில்லை. குழாயின் அடிமுனையில் வெள்ளி முலாம்போல ஒரு பூச்சு மின்னும். அது பால் வெள்ளையாகிவிட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை மாடியில் நடந்து பார்த்துவிடுவேன். விடுமுறையில் மெஷின் ஓடாதபோது குழாய்களின் மேல் தென்னங்கீற்று போட்டுவிடுகிறோம். இல்லையென்றால் நீர் கொதித்து வால்வு சீறும்.

இன்று புதிதாகக் கட்டும் சின்ன அலுவலகம் என்றால், பேனலும் இன்வெர்ட்டர் ஏசியும் போதும் என்றே சொல்வேன், செலவும் கவலையும் குறைவு. ஆனால் விடுதி, மருத்துவமனை, பெரிய சமையலறை என்று வெந்நீரும் சேர்ந்து தேவைப்படும் இடத்தில் கணக்கு மாறிவிடும். எங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் குளிர் வேண்டாம். அப்போது வெயில் அடிக்கிற நாளில் அதே வெந்நீர் சமையல் கட்டுக்கும் குளியலறைக்கும் போகிறது. சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கும் அக்கா, பாத்திரத்தில் ஊற்றும்போதே ஆவி பறக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார்.