பழைய மோட்டார்ஹோம் வாங்குமுன் தண்ணீரை ஓடவிட்டுப் பாருங்கள்: உள்ளிருக்கும் கருவிகளுக்கு ஒரு மதிப்புரை

ஐரோப்பாவில் பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு அமைத்த வண்டி, தேடுபவர்கள் கண்ணில் இன்று அதிகம் படுவது, 2006இல் அறிமுகமான ஃபியட் டுகாட்டோ வேன் தலைமுறையின் மேல் கட்டிய வண்டிகள்தான். மேல்கூட்டைக் கட்டியவர் ஜெர்மானியராக இருக்கலாம், இத்தாலியராக இருக்கலாம், பிரிட்டிஷ்காரராக இருக்கலாம். பெஞ்சைத் தூக்கி அடியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குடும்பத்துக் கருவிகள்: அறைச்சூட்டுக்கும் வெந்நீருக்கும் ட்ரூமா காம்பி, தண்ணீர் தள்ள ஷுர்ஃப்ளோ பம்ப் அல்லது தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் சிறு பம்ப், தெட்ஃபோர்ட் கழிப்பறை, டொமெட்டிக் அல்லது தெட்ஃபோர்ட் ஃப்ரிட்ஜ். ஆகவே இது ஒரு குறிப்பிட்ட வண்டிக்கான மதிப்புரை அல்ல, இந்தக் கருவிகளுக்கானது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இவை நல்ல கருவிகள். பழுது பார்க்கலாம், உதிரிபாகமும் கிடைக்கும். ஆனால் தண்ணீரை வடிக்காமல் விட்ட ஒரே ஒரு உறைபனி இரவு இவற்றில் பாதியைக் கெடுத்துவிடும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, முந்தைய உரிமையாளர் குளிர்காலத்தில் அதை எப்படி வைத்திருந்தார் என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும். அதைக் காட்டிக்கொடுப்பது தண்ணீர்க் குழாய்கள்.

"குளிருக்காக எல்லாவற்றையும் வடித்துவிட்டோம், இப்போது காட்ட முடியாது" என்று விற்பவர் சொன்னால், வடித்தது நல்ல செயல்தான். ஆனால் உறைபனி இல்லாத ஒரு நாளில் 30 லிட்டர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

ஷுர்ஃப்ளோ போன்ற அழுத்த பம்ப் உள்ள வண்டியில் சோதனை எளிது. எல்லாக் குழாயையும் திறந்து, காற்று வெளியேறி நீர் சீராக வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். பம்ப் அழுத்தத்தை ஏற்றிவிட்டுத் தானாக நிற்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் யாரும் குழாயைத் தொடாமல் காத்திருங்கள். இடையிடையே பம்ப் ஒரு நொடி இயங்கி நின்றால், அழுத்தம் எங்கோ கசிகிறது. காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது, ஏதோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது: காய்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு முழங்கை இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, பாய்லரின் (காம்பிக்குள் இருக்கும் வெந்நீர்த் தொட்டி) வடிகால் வால்வு சரியாக மூடவில்லை: வண்டிக்கு அடியில் குனிந்து, அந்த வடிகால் குழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். உள்ளே தரை காய்ந்திருப்பதால் பலர் தவறவிடும் இடம் இதுதான். மூன்றாவது, வெளியே எங்கும் ஈரமே இல்லையென்றால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து நீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. முதல் இரண்டையும் சரிசெய்யலாம். மூன்றாவதற்குப் பம்பின் தலைப்பகுதியையோ பம்பையோ மாற்றினால் போதும்.

ஷுர்ஃப்ளோவின் 'டிரெயில் கிங் 7' என்பது ஒரு நிமிடத்துக்கு 7 லிட்டர் தரும் 12 வோல்ட் டயாஃப்ரம் (சவ்வு) பம்ப். கொஞ்ச நேரம் வறண்டு ஓடினாலும் கெடாது. இதன் பெரிய பலம் அதுவே. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உடனே புதிய பம்ப் வாங்க வேண்டாம். உறிஞ்சும் பக்கத்தில் கண்ணாடி மாதிரியான மூடியுடன் ஒரு வடிகட்டி இருக்கும். அதன் மூடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். வளையத்தை எடுத்துத் துடைத்து, குடிநீருக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். வலையில் பிளாஸ்டிக் சுருள்கள் கிடந்தால் அவை தொட்டியைத் துளையிட்டபோது உள்ளே விழுந்தவை. தொட்டியின் ஆய்வு மூடியைத் திறந்து துடைத்துவிட வேண்டும். குறை என்றால் சத்தம். மரச்சட்டத்தில் நேரடியாகத் திருகியிருந்தால் இரவில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவரை எழுப்பிவிடும். ரப்பர் காலும், இருபுறமும் கொஞ்சம் வளையும் குழாயும் போட்டால் வெகுவாகக் குறையும்.

மூழ்கும் பம்ப் உள்ள வண்டிகளில் அழுத்தம் சேர்ந்து நிற்காது. குழாயைத் திறக்கும்போது அதற்குள் இருக்கும் சிறு மின்விசை (சுவிட்ச்) பம்பை இயக்கும். அதனால் மேற்சொன்ன காத்திருப்புச் சோதனை இங்கே பொருந்தாது. சமையல் குழாயில் நீர் வருகிறது, குளியல் குழாயில் வரவில்லை என்றால் பம்ப் நல்லது, அந்தக் குழாயின் மின்விசைதான் துருப்பிடித்திருக்கிறது. எங்கே திறந்தாலும் பம்ப் ஓசையே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு பம்ப். விலை மலிவு, மாற்றுவது எளிது. ஆனால் வறண்டு ஓடினால் விரைவில் எரிந்துபோகும்.

இனி ட்ரூமா காம்பி. 4 கிலோவாட், 6 கிலோவாட் என இரு அளவு. இரண்டிலும் 10 லிட்டர் ஸ்டெயின்லெஸ் பாய்லர் அறைச்சூட்டுக் கருவியோடு ஒன்றாகக் கோத்திருக்கும். பெயருக்குப் பின்னால் 'ஈ' இருந்தால் 900 அல்லது 1800 வாட்டில் மின்சாரத்திலும் இயங்கும். 15 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கேஸில் கொண்டுவர ஏறக்குறைய 20 நிமிடம். 900 வாட் மின்சாரத்தில் மட்டும் என்றால் 35 நிமிடத்துக்குக் குறையாது. 10 லிட்டர் போதுமா என்று கேட்பார்கள். 60 டிகிரி நீரைக் குளிர்நீரோடு கலந்தால் இரண்டு பேர் இடையிடையே மூடி மூடிக் குளிக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாய்லர் காலியாக இருந்தாலும் அறையைச் சூடாக்க இது அனுமதிக்கிறது. குளிர்காலத்தில் இது பெரிய வசதி.

காம்பி பற்றவில்லை என்றால் முதல் சந்தேகம் கேஸ் மேல் விழும். பல நேரம் குற்றவாளி பேட்டரி. மின்னழுத்தம் தாழ்ந்தால் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வெளி மின் இணைப்பைப் போட்டதும் சரியாக இயங்குகிறதென்றால் காம்பியைக் கழற்றத் தேவையே இல்லை. அடுத்து, வண்டியின் பக்கவாட்டிலுள்ள புகைவாய். குளவிக்கூடு, சிலந்திவலை, விரிசல் எதுவும் இருக்கக்கூடாது. முகாமில் அதன் மேல் கூடாரத் துணியைச் சாய்த்து மூடக்கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது.

புதிதாக வாங்கியவர்களை அதிகம் குழப்புவது காம்பியின் பக்கத்தில் இருக்கும் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் வால்வு. சுற்றியுள்ள வெப்பம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் இது தானாகத் திறந்து பாய்லர் நீரைக் கீழே கொட்டிவிடும். மின்சாரம் தேவையில்லை. தானாகத் திறக்கும், தானாக மூடாது. மூடுவதற்குக் குமிழைத் தண்ணீர் இணைப்புக்கு இணையாக 90 டிகிரி திருப்பி, பொத்தானைச் சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். அந்த இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் வராதவரை பொத்தான் நிற்காது. "வால்வு கெட்டுவிட்டது, பொத்தான் வெளியே துள்ளுகிறது" என்று சொல்வார்கள். பெரும்பாலும் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் அறைச்சூட்டை மட்டும் ஓடவிட்டு, பெஞ்சுக்கு அடியில் சூடேறிய பிறகு அழுத்துங்கள், நிற்கும். வால்வைச் சுற்றிப் போர்வைகளைத் திணித்து வைத்தால் சூடான காற்று அங்கே போகாது. நடு இரவில் பாய்லர் காலியாவதற்கு அதுவே காரணம்.

சில பழைய வண்டிகளில் பொத்தான் துள்ளாதபடி துணிக்கிளிப் மாட்டியிருப்பார்கள். உறைபனிக் காவலையே முடக்கும் வேலை இது. கிளிப்பைக் கண்டால் "போன குளிர்காலத்தில் வண்டி எங்கே நின்றது" என்று கேளுங்கள், பாய்லரில் கசிவு இருக்கிறதா என்று இருமடங்கு கவனமாகப் பாருங்கள். வெடித்த பாய்லரை மாற்றுவது இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு.

இந்த வால்வு காப்பது பாய்லரை மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். குழாய்கள், பம்ப், குளியல் குழாயின் பீங்கான் உட்பகுதி எல்லாம் உங்கள் பொறுப்பு. வடிக்கும் முறை இது: பாய்லரையும் பம்பையும் அணைத்து, நல்ல நீர், கழிவுநீர் இரண்டு தொட்டிகளையும் திறந்துவிடுங்கள். மஞ்சள் வால்வோ, பெஞ்சுக்கு அடியில் நெம்புகோலோ, வண்டிக்கு வண்டி மாறும். எல்லாக் குழாயையும் வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் நடுவில் வைத்துத் திறந்தே விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பி வைத்தால் மறுபக்கக் குழாயில் நீர் தங்கும். குளியல் கைப்பிடியைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் போடுங்கள். ஃப்ராஸ்ட்கன்ட்ரோலைத் திறங்கள். தொட்டி காலியான பிறகு டயாஃப்ரம் பம்பைச் சில நொடிகள் ஓடவிட்டு அதற்குள் நிற்கும் நீரையும் தள்ளிவிடுங்கள். மூழ்கும் பம்புக்கு இந்தக் கடைசி வேலையைச் செய்யாதீர்கள், எடுத்து உதறினால் போதும். கழிப்பறைக் கழுவுநீருக்குத் தனித்தொட்டி இருந்தால் அதையும் வடியுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

சுத்தம் செய்வதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. தொட்டிக்கும் குழாய்களுக்கும் குளோரின் நல்ல கிருமிநாசினி: வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 1 மில்லி, அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லி. ஒவ்வொரு குழாயிலும் வாசனை வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் நிறுத்தி, வாசனை போகும்வரை அலச வேண்டும். ஆனால் காம்பியின் ஸ்டெயின்லெஸ் பாய்லருக்குக் குளோரின் கலந்தவை ஏற்றவை அல்ல என்று ட்ரூமாவே சொல்கிறது. ஆகவே குளோரினைக் குளிர்நீர்ப் பக்கத்தோடு நிறுத்துங்கள். பாய்லர் வழியாகப் போகவேண்டும் என்றால் குளோரின் இல்லாத மருந்தை வாங்குங்கள். பாய்லரின் சுண்ணப் படிவுக்கு வினிகரோ சிட்ரிக் அமிலமோ போதும். அமிலத்தையும் குளோரினையும் ஒரே நாளில் ஒரே குழாயில் விடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். முதலில் படிவை நீக்கி, நன்றாக அலசி, வேறொரு நாளில் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

தொட்டி அளவு காட்டும் பலகையை நம்ப வேண்டாம். தொட்டிக்குள் நிற்கும் உலோகக் கம்பிகளில் சுண்ணாம்போ சோப்புக் கசடோ படிந்தால் காலித் தொட்டியையும் பாதி நிறைந்ததாகக் காட்டும். கம்பியைத் துடைத்தால் சரியாகும். நிறைந்த 100 லிட்டர் என்பது 100 கிலோ. மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டிய வண்டியில் இது அற்பமல்ல. பயணத்தின்போது கால் தொட்டி போதும்.

கழிப்பறையில் தெட்ஃபோர்டின் பெட்டி வகைகளுக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் தரலாம். கழிவுப்பெட்டி சுமார் 18 லிட்டர். நாற்றமோ கசிவோ வந்தால் ஏறக்குறைய எப்போதும் காரணம் பெட்டி வாயின் ரப்பர் வளையம். அது தேயும் பொருள், உடையும் முன் மாற்றிவிட வேண்டும். சிலிகான் தெளிப்பான் மட்டும் பூசுங்கள். வாசலினும் சமையல் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். பிளீச்சும் அப்படியே. வாங்கும்போது பெட்டியை வெளியே இழுத்து, கொஞ்சம் நீர் ஊற்றி, வாயை மூடும் கத்தித் தகட்டை மூடித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் வகை. 12 வோல்ட்டில் ஓடுவது இன்ஜின் ஓடும்போது மட்டுமே, அதுவும் ஏற்கெனவே குளிர்ந்ததைக் காப்பாற்றத்தான். குளிர்விக்கப் பல மணி நேரமாகும், ஆகவே பார்க்கப் போகும் முன்பே போட்டுவைக்கச் சொல்லுங்கள். மூன்று முறையையும் தனித்தனியே சோதியுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பின்புறக் காற்றுவழித் தட்டைக் கழற்றினால் குழாய்களில் மஞ்சள் பொடி தெரிகிறதா? குளிர்விக்கும் அமைப்பு கசிந்துவிட்டது, பழுது பார்ப்பதில் பயனில்லை.

உள் பேட்டரியை வெளி மின்சாரத்திலிருந்து பிரித்து சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. விளக்கும் காம்பி விசிறியும் ஓடும்போது சில நிமிடங்களில் 12க்குக் கீழ் விழுந்தால் பேட்டரி முடிந்தது. ஜெர்மன் வண்டிகளில் காணும் ஷவுட் எலெக்ட்ரோபிளாக் என்ற மின்பகிர்வு, சார்ஜர் பெட்டிகள் பலவற்றில் பேட்டரி வகைக்கு ஜெல், அமிலம் என்று ஒரு தேர்வு விசை உண்டு. பேட்டரியை மாற்றியவர் அந்த விசையை மாற்ற மறந்திருக்கலாம், பாருங்கள். முகாம்களில் 6 ஆம்பியர் மட்டுமே தரும் இணைப்புகள் இருக்கின்றன. காம்பி 1800 வாட்டில் இருந்தால் அதுவே ஏறக்குறைய 8 ஆம்பியர், உடனே துண்டிக்கும். 900இல் வைத்து மீதியைக் கேஸுக்கு விடுங்கள்.

கேஸில் குளிர்காலத்துக்கு புரொபேன்தான். பியூட்டேன் பூஜ்ய டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். குழாயிலும் ரெகுலேட்டரிலும் அச்சிட்ட தேதியைப் படித்து, பத்தாண்டு தாண்டியவற்றை மாற்றிவிடுங்கள். ஜெர்மனியில் பதிவான வண்டிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஜி 607 என்ற கேஸ் அமைப்புச் சோதனையின் மஞ்சள் கையேட்டைக் கேளுங்கள். கையேட்டில் இடைவெளி இருந்தால், புதிய சோதனையை விற்பவர் செலவில் முடித்துத் தரச் சொன்ன பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.